சரவணம்பட்டி ஃபிளாட்டா, காந்திபுரம் கடையா?

வணக்கம். ஓய்வூதியப் பலனாக வந்த எழுபது லட்சத்தில், கோவை சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவதா, காந்திபுரத்தில் கடை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத வாடகையை மட்டும் பார்த்தால் கடைதான் கவர்ச்சியாகத் தெரியும்; ஆனால் அது காலியாகக் கிடக்கும் மாதங்களைத் தரகர் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சரவணம்பட்டி போல ஐடி ஊழியர்கள் வசிக்கும் பகுதியில் வீட்டுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாலும் எளிது; வண்டி நிறுத்த இடமில்லாத மாடிக் கடையோ ஷட்டர் இறங்கிய நிலையில் நீண்ட காலம் நின்றாலும், வணிகக் கட்டடத்துக்கான கூடுதல் சொத்து வரியை நீங்கள் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வருமான வரியில் இரண்டும் ஒன்றே: வாடகையில் செலுத்திய சொத்து வரி போக மீதியில், நீங்கள் பராமரிப்புக்குச் செலவழித்தாலும் இல்லாவிட்டாலும், 30 சதவீதம் கழிவு உண்டு. கடையை நிறுவனத்துக்கு விட்டால், வாடகை சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (வாடகை தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

வாடகையை நம்பியே குடும்பச் செலவு நடக்க வேண்டுமென்றால், ஃபிளாட்டே என் தேர்வு. கடைதான் என்று முடிவெடுத்தால், சாலையைப் பார்த்த தரைத்தளமாகப் பாருங்கள். கட்டட வரைபட அனுமதி வணிகப் பயன்பாட்டுக்கே தரப்பட்டுள்ளதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். எதுவானாலும், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள்.