எம்.பி. சம்பளம் முதல் செஸ் வரை: ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலரின் பதில்கள்

மத்திய அரசின் வீண்செலவு பற்றியும் நாடாளுமன்றத்தின் வரம்பு மீறல் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் இங்கே பதில் சொல்கிறார்.

ஐயா, நாங்கள் ஜிஎஸ்டி கட்டி நொந்துபோயிருக்கிறோம். எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

கோபம் நியாயமானதுதான். 2025 மார்ச்சில் வந்த அறிவிக்கை எம்.பி.யின் மாதச் சம்பளத்தை ஒரு லட்சத்திலிருந்து 1 லட்சத்து 24 ஆயிரமாக்கியது, அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. தினப்படி 2,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனது. ஓய்வூதியம் 25 ஆயிரத்திலிருந்து 31 ஆயிரம் ஆனது. தொகுதிப் படி, அலுவலகப் படி, ஆண்டுக்கு 34 இலவச விமானப் பயணங்கள் எல்லாம் இதற்கு மேல். தங்கள் சம்பளத்தைத் தாங்களே சட்டம் போட்டு நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 106ஆம் பிரிவே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு அவைகளிலும் சேர்த்து 788 இடங்கள். எல்லோருக்கும் இந்தச் சம்பளத்தைக் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 117 கோடி ரூபாய். 2025-26 மத்திய பட்ஜெட் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. அதாவது அரசு செலவழிக்கும் ஒவ்வொரு லட்சம் ரூபாயிலும் எம்.பி. சம்பளம் இரண்டு ரூபாய் சொச்சம். படிகளையும் சலுகைகளையும் சேர்த்து இதைப் பல மடங்காக்கினாலும் சில்லறைதான். மிச்சமுள்ள 99,900 சொச்சத்தை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். என்னுடைய கோபம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு முறை எம்.பி.யாக இருந்தாலும் ஆயுள் முழுக்க ஓய்வூதியமாமே?
— ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், திருநெல்வேலி

ஆமாம். குறைந்தபட்சப் பணிக்காலம் என்ற நிபந்தனை 2004இல் போய்விட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் மாதம் 2,500 ரூபாய் சேரும். இதை எதிர்த்துப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. பிரிட்டனில் எம்.பி.க்களின் ஊதியத்தை ஒரு தனி ஆணையம் நிர்ணயிக்கிறது. செலவுப்படி ஊழல் 2009இல் வெடித்த பிறகு வந்த ஏற்பாடு அது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பலர் சொல்லிவிட்டார்கள். சட்டம் போடவேண்டியவர்கள் அதே எம்.பி.க்கள்தான் என்பதால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

பட்ஜெட்டில் இருக்கும் ஒவ்வொரு செலவையும் நாடாளுமன்றம் விவாதித்துத்தானே அனுமதிக்கிறது? பாடத்தில் அப்படித்தான் படித்தேன்.
— கல்லூரி மாணவி, மதுரை

பாடம் சரி. நடப்பது வேறு. ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு மக்களவையில் மானியக் கோரிக்கை வைக்க வேண்டும். அவற்றில் சில அமைச்சகங்கள் மட்டுமே விவாதத்துக்கு வரும். ஒதுக்கிய நாட்கள் முடிந்ததும், எஞ்சிய எல்லாக் கோரிக்கைகளையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார். இதற்கு கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய அதே இயந்திரம்தான்.

சில ஆண்டுகளில் அந்தச் சடங்கும் இல்லை. 2018 மார்ச் 14 அன்று அமளிக்கு நடுவே, ஏறக்குறைய அரை மணி நேரத்தில், எல்லா மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதம் இல்லாமல் மக்களவையில் நிறைவேறின. அந்த நிதி மசோதாவுக்குள் என்ன இருந்தது தெரியுமா? எம்.பி. சம்பளத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை விலைவாசியோடு சேர்த்துத் தானாக உயர்த்தும் ஏற்பாடு இருந்தது. ஈரோட்டு நண்பர் நொந்துகொண்ட உயர்வு வந்தது அந்த வழியில்தான். கூடவே, வெளிநாட்டு நிறுவனங்களிடம் கட்சிகள் வாங்கிய நன்கொடையை 1976 வரை பின்னோக்கிப் போய்ச் செல்லுபடியாக்கும் ஒரு திருத்தமும் இருந்தது. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு மீண்டும் விவாதம் இன்றி நிறைவேறியது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டுத் தீர்மானம் என்று ஒரு கருவி இருக்கிறது. அமைச்சகத்தின் கொள்கையே பிடிக்கவில்லை என்றால், ‘கோரப்பட்ட தொகை 1 ரூபாயாகக் குறைக்கப்பட வேண்டும்’ என்று எந்த மக்களவை எம்.பி.யும் எழுதிக் கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். வீண்செலவு என்று தோன்றினால் குறைக்கவேண்டிய தொகையைக் குறிப்பிட்டே கேட்கலாம். கருவியெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. கில்லட்டின் விழுந்த அமைச்சகத்துக்கு எழுதிக் கொடுத்த வெட்டுத் தீர்மானம் பேசப்படாமலே போய்விடும்.

நாம் அனுப்பிய எம்.பி. எழுந்து நின்று ‘இந்தச் செலவு வேண்டாம்’ என்று வாக்களிக்க என்ன தடை?
— அதே மாணவி

கொறடா உத்தரவு. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சி சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் பதவி போகும். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்பு என்றால் அந்தக் கண்டிப்பைப் புரிந்துகொள்ளலாம். ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தின் செலவுக்கும் அதே கண்டிப்பு எதற்கு? ஆளுங்கட்சி எம்.பி. கேள்வி கேட்க முடியாது, எதிர்க்கட்சி எம்.பி. கேட்டால் எண்ணிக்கை போதாது. தணிக்கைத் துறையில் எனக்கு இருந்த சுதந்திரம்கூட, பதினைந்து லட்சம் பேரின் பிரதிநிதிக்கு இல்லை.

டீசல் விலையில் எத்தனை வகை வரி என்று எண்ணவே முடியவில்லை. மாநிலத்துக்குப் பங்கு கொடுக்கிறோம் என்று டெல்லி சொல்கிறது. உண்மையா?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

உங்கள் கேள்விக்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு டீசல் லிட்டருக்கு மத்திய கலால் 15 ரூபாய் 80 காசு என்று இருந்தது. அதைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைக் கலால் 1.80. சிறப்புக் கூடுதல் கலால் 8 ரூபாய். சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய். வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4 ரூபாய். இவற்றில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது முதல் 1.80 மட்டும்தான். மிச்சம் 14 ரூபாய் டெல்லிக்கே. 2025 ஏப்ரலில் இன்னும் 2 ரூபாய் ஏற்றினார்கள். அதையும் பகிரத் தேவையில்லாத பகுதியிலேயே ஏற்றினார்கள்.

இது எப்படிச் சட்டப்படி செல்லும் என்று கேட்பீர்கள். 2000இல் வந்த 80ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 270ஆம் பிரிவின்படி செஸ்ஸும் (ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் வரி) சர்சார்ஜும் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேராது. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று சொன்னது. 41 என்பது பெரிய எண்தான். ஆனால் எதில் 41 என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜின் அளவு 2011-12இல் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2020-21இல் 20 சதவீதத்தைத் தொட்டது. பந்தியில் ஒரு பாத்திரத்தைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, மீதியில் ‘உங்களுக்குத் தாராளமாக 41 பங்கு’ என்று பரிமாறுகிறார்கள்.

சரி, செஸ் வாங்கினால் வாங்கிய காரியத்துக்காவது செலவழிக்க வேண்டுமே? செஸ் என்பதன் இலக்கணமே அதுதான். சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்வதைக் கேளுங்கள். 2018-19இல் 35 வகை செஸ், கட்டணங்கள் மூலம் வந்தது சுமார் 2.74 லட்சம் கோடி. அவற்றுக்கென்று உள்ள நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 1.64 லட்சம் கோடி. மிச்சம் பொதுக் கஜானாவிலேயே தங்கிவிட்டது. அதற்கு முந்தைய கதை இன்னும் மோசம். ஆராய்ச்சி, மேம்பாட்டு செஸ் என்று 1996-97 முதல் 2016-17 வரை வசூலித்தது ஏறக்குறைய 7,885 கோடி. அந்த நோக்கத்துக்குச் செலவானது 609 கோடி. நூற்றுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. மேல்நிலை, உயர்கல்விக்கென்று பத்தாண்டுகளில் வசூலான 83 ஆயிரம் கோடிக்குத் தனி நிதியைத் தொடங்கவே இல்லை.

இத்தனையும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டங்களின்படி வசூலித்த பணம். வசூலிக்க ஆண்டுதோறும் கை தூக்கியவர்கள், அது எங்கே போனது என்று ஆண்டுதோறும் கேட்டிருக்க வேண்டாமா?

கல்வி மாநிலத்தின் கையில் இருந்தது என்கிறார்கள். எப்போது பறிபோனது?
— பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவைகள், நீதி நிர்வாகம் ஆகியவையும் கூடவே போயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம். அந்தத் திருத்தத்தின் பல பகுதிகளை அடுத்து வந்த ஜனதா ஆட்சி நீக்கியது. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பவில்லை. கை மாறிய அதிகாரம் அவ்வளவு எளிதில் திரும்பி வராது.

அதன் விலை இப்போது தெரிகிறது. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால், 2024-25க்கான சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது.

வேளாண்மை இன்னும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் 2020இல் வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, பொதுப் பட்டியலில் உள்ள உணவுப்பொருள் வணிகம் என்ற 33ஆவது பதிவைப் பிடித்துக்கொண்டார்கள். மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டும் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். விவசாயிகள் ஓராண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோது மக்களவையில் அதற்கும் விவாதம் இல்லை. போடும்போது வாக்கை எண்ணவில்லை, எடுக்கும்போது பேசவில்லை.

எல்லாப் பழியையும் டெல்லி மேல் போடுகிறீர்களே, சென்னை என்ன யோக்கியமா?
— வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. 2017 ஜூலையில் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராடிக்கொண்டிருந்தபோது, இங்கே எம்.எல்.ஏ. சம்பளத்தை 55 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 5 ஆயிரமாக்கினார்கள். டீசலுக்கு மாநிலமும் தன் பங்குக்கு வாட் போடுகிறது. கேள்விகள் நாடாளுமன்றம் பற்றி வந்ததால் பதிலும் அதைப் பற்றி. சென்னைக்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், கைவசம் சரக்கு இருக்கிறது.

சிஏஜி அறிக்கைகளால் உண்மையில் பயன் உண்டா? ஒரு வாரம் டிவியில் கத்துகிறார்கள், பிறகு மறந்துபோகிறது.
— வங்கி ஊழியர், திருச்சி

பயன் உண்டு, நீங்கள் எதிர்பார்க்கும் பயன் இல்லை. டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அமைச்சரவைக் குழு கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று அனுமதித்த இடத்தில், 250.77 கோடிக்குப் போயிருக்கிறது என்று 2023 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. உடனே பெரும் ஊழல் என்று ஒரு தரப்பு முழங்கியது. 18 கோடி என்பது பாரத்மாலா என்ற நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டம் முழுமைக்கும் போட்ட சராசரி, இதுவோ எட்டு வழி மேம்பாலச் சாலை என்று அமைச்சகம் பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் தணிக்கையாளர் கேட்டது அதுவல்ல. எட்டு வழி மேம்பாலம்தான் வேண்டும் என்று முடிவு செய்ததற்கான காரணம் கோப்பில் எங்கே என்று கேட்டார். டிவி விவாதத்தில் அந்தக் கேள்வியையே காணோம்.

2ஜியில் 1.76 லட்சம் கோடி இழப்பு என்றார்கள். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. தணிக்கை சொல்வது கணக்கில் உள்ள ஓட்டை, குற்றத் தீர்ப்பு அல்ல. அதைக் கையில் எடுத்து அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கவேண்டியது 22 எம்.பி.க்கள் கொண்ட பொதுக் கணக்குக் குழு. மறுபடியும் எம்.பி.க்கள்தான்.

என் அனுபவத்தில் வீண்செலவின் உச்சகாலம் மார்ச். நிதி ஆண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பது ஒழுங்கு மீறல் என்று பொது நிதி விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதங்களில் எழுதுபொருள் வாங்கியதாக ரசீதுகள். எல்லாம் ஒரே கடை. ரசீது எண்கள் மட்டும் 41, 42, 43. மூன்று மாதமாக அந்தக் கடைக்கு வேறு வாடிக்கையாளரே வரவில்லை போலும்.

எங்கள் ஊரில் எம்.பி. நிதியில் ஒரு பயணியர் நிழற்குடை. உட்காரும் இடத்தைவிடப் பெயர்ப் பலகை பெரிது. செலவு எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. நான் என்ன செய்யலாம்?
— குடும்பத் தலைவி, விழுப்புரம்

தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. முதலில் எம்.பி.க்கு 5 லட்சம், 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி. சட்டம் போடவேண்டியவர் நிழற்குடை கட்டுவது ஏன் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமே கேட்டு, திட்டத்தை ஒழிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2010இல் செல்லும் என்று சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் நிறுத்தினார்கள், கட்சி வேறுபாடின்றிக் கேட்டார்கள், 2021 நவம்பரில் திரும்பி வந்தது.

எம்.பி. பரிந்துரை மட்டுமே செய்வார். அனுமதியும் பணமும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாகத்தான் நடக்கும். ஆகவே எம்.பி. வீட்டுக்கு அலையாதீர்கள். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் இவ்வளவு செலவு’ என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணங்களின் நகல் கேளுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, பணி நிறைவுச் சான்று, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். அஸ்திவாரம் எத்தனை ஆழம், தளம் எத்தனை சதுர மீட்டர், பெயர்ப் பலகைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் பொறியாளர் கையெழுத்தோடு இருக்கும். பதில் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.