பயாஸில் தெரியாத ஹார்ட் டிஸ்க்

கேள்வி: என் மேசைக் கணினியில் புதிதாக எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறிய சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தினேன். அதன் பிறகு, குடும்பப் படங்கள் உள்ள பழைய சாட்டா (கேபிள் வழியே மதர்போர்டுடன் இணையும்) ஹார்ட் டிஸ்க், பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரையிலேயே தெரியவில்லை. அது பழுதாகிவிட்டதா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிட வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 இணைப்பும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே தரவுப் பாதையைப் பகிர்ந்துகொள்வதால், எம்.2-வில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும் அந்தப் போர்ட்டுகள் தாமாகவே செயலிழந்துவிடும்; எந்தெந்தப் போர்ட்டுகள் என்பது மதர்போர்டின் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். கணினியை அணைத்து, மின் இணைப்பையும் துண்டித்த பின், ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிளை வேறொரு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால், இதிலேயே சரியாகிவிடும் என்றே தோன்றுகிறது.

அப்போதும் தெரியாவிட்டால், எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தும்போது கை பட்டுத் தளர்ந்திருக்கக்கூடிய மின்கேபிளை நன்றாக அழுத்திச் செருகுங்கள். வேறொரு டேட்டா கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

பயாஸில் தெரிந்த பிறகு, டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ (புதிய டிஸ்க்கைப் போலத் தயார்செய்தல்) அல்லது ‘ஃபார்மட்’ செய்யுமாறு விண்டோஸ் கேட்டால், எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். படங்களை மீட்பது கடினமாகிவிடும். டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்ற ஒலி தொடர்ந்து வந்தால், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல், உடனே கழற்றித் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள்.