யூத மரபையும் சேர்த்து வாராந்திர வேத தியானம் எழுதுவது எப்படி?

சபைக்கு வாரம் ஒரு தியானம் எழுதுகிறீர்கள், அதில் யூத மரபையும் சேர்க்க எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெப ஆலயத்தின் வாசிப்பு அட்டவணையைக் கையில் எடுங்கள். தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், 54 பகுதிகளாக ஓராண்டில் வாசித்து முடிக்கப்படுகிறது. ஒரு பகுதிக்குப் பெயர் பராஷா. அதோடு தீர்க்கதரிசிகளிலிருந்து வாசிப்பது ஹஃப்தாரா. நாசரேத்தில் இயேசு ஏசாயாவை வாசித்ததும் (லூக்கா 4), அப்போஸ்தலர் 13:15-இல் நியாயப்பிரமாணத்துக்குப் பின் தீர்க்கதரிசன ஆகமம் வாசிக்கப்பட்டதும் இந்த வழக்கத்தின் பழைய தடயங்கள். அதற்காக இன்றைய பட்டியலே அன்றும் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

பெரும்பாலான ஆண்டுகளில் சில வாரங்களில் இரண்டு பராஷாக்கள் சேர்ந்து வரும். ஆகவே அந்தந்த ஆண்டின் நாள்காட்டியைப் பாருங்கள்.

நோவா வாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 6:9 முதல் 11:32 வரை 153 வசனங்கள். எல்லாவற்றையும் தொட்டால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். மூன்று நான்கு வசனங்கள் போதும். 6:9-ஐ எடுத்தால், நோவா தன் காலத்தவருக்குள்ளே நீதிமான் என்கிறது. யூத வேத விளக்கவுரையாளர் ராஷி (1040–1105) இங்கே முன்னோரின் இரண்டு கருத்துகளைத் தருகிறார். நல்லவர்கள் நடுவே வாழ்ந்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பான் என்பது ஒன்று. ஆபிரகாமின் காலத்தில் அவனை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே வையுங்கள். தீர்ப்புச் சொல்லத் துடிக்கும்போதுதான் தியானம் கெடுகிறது. பிறகு ஹஃப்தாராவுக்குப் போங்கள்: ஏசாயா 54:9 அந்த வெள்ளத்தையே நினைவூட்டி, கர்த்தர் ஆணையிட்டுக் கொடுத்த வாக்கைச் சொல்கிறது. கடைசியாக எபிரெயர் 11:7. இயேசுவிடம் முதல் பத்தியிலேயே தாவினால், பழைய ஏற்பாடு பேசுவதற்கு இடமே இருக்காது.

பெரும்பாலான பிழைகள் காலத்தில்தான் வருகின்றன. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், அதை விவாதித்து விரிக்கும் பாபிலோனிய தல்மூத் அதற்கும் சில நூற்றாண்டு பிந்தியது. "இயேசுவின் நாளில் யூதர்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்பதற்கு அவை நேரடிச் சாட்சி ஆகாது. "மிஷ்னாவில் இப்படி இருக்கிறது" என்றே எழுதுங்கள். உதாரணமாக, மனிதன் சக மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாள் நீக்காது என்கிறது மிஷ்னாவின் யோமா என்ற பகுதி (8:9). காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24-இன் அருகில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். எது எதிலிருந்து வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

பிரசங்கங்களில் சுற்றிவரும் சில "யூத வழக்கங்களை" அடியோடு விடுங்கள். மகா பரிசுத்த ஸ்தலத்தில் இறந்தால் வெளியே இழுக்கப் பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டிய கதை மிஷ்னாவிலும் இல்லை, தல்மூதிலும் இல்லை. எருசலேமில் ஊசியின் காது என்றொரு சிறு வாசல் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. யூத மரபு சொல்கிறது என்று பொதுவாக எழுதாமல் எந்த நூல், எந்த இடம் என்று குறிக்கப் பழகினால் இவை தாமாகவே உதிர்ந்துவிடும்.

யூதப் பதிப்பைப் பார்க்கும்போது வசன எண்ணிலும் கவனம் வேண்டும். மல்கியா அதில் 3 அதிகாரம், நம்முடையதில் 4. யோவேல் அதில் 4, நம்முடையதில் 3. பல சங்கீதங்களில் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் எண் ஒன்று தள்ளிப்போகும்.