ஒட்டும் ஓட்டையும்

அன்புள்ள அண்ணா,

நோர்வேயில் இருந்த காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். நான் பிறந்தது தண்ணீரூற்றில். 12 வயதில் வெளியே வந்துவிட்டேன். 2015இல் நானும் மனைவியும் 1986இல் கட்டிய 42 அடிப் பாய்க்கப்பல் ஒன்றை வாங்கினோம். மூன்று வருடமாகப் பாய்மரக் கம்பி, பாய், எஞ்சின், சோலர், கடல்நீரைக் குடிநீராக்கும் மெசின் என்று எல்லாம் புதிதாகப் போட்டு, 2018இல் இரண்டு பிள்ளைகளோடு அதிலேயே குடியேறினோம். அத்திலாந்திக் கடந்து, பனாமாக் கால்வாயால் பசிபிக்கில் இறங்கி, கொரோனாவில் மாட்டுப்பட்டு, இப்போது நியூசிலாந்தில் வங்காரேயில் நிற்கிறோம். மகளுக்கு 15 வயது. ஒரே பள்ளிக்கூடமும் சிநேகிதிகளும் வேண்டும் என்கிறாள். அதனால் விற்கிறோம்.

வாங்கிய விலை 55,000 யூரோ, புதுப்பித்த செலவு 90,000. தரகரோ 80,000க்கு மேல் போகாது என்கிறார். இங்கேயே உள்ளூர் ஆளுக்கு விற்றால் 15 வீதம் ஜிஎஸ்டி வேறு. போட்ட காசைக் கேட்பது நியாயமில்லையா? துவாமோத்துத் தீவுகளில் ஒருமுறை பவளப்பாறையில் முட்டி, கப்பலின் அடியில் நீட்டி நிற்கும் பாரமான கீலின் முன்பக்கம் அடிபட்டது, நானே ஒட்டிவிட்டேன், இப்போது ஒன்றும் தெரியாது. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள் என்கிறார் தரகர். பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த பலகை ஒன்று உள்ளே இருக்கிறது, அதைக் கழற்றி எடுக்கலாமா? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பலுக்குப் பிறகு இப்படி ஓடிய தமிழ்க் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம் என்று நினைக்கிறேன். 'புளூவாட்டர்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பாய்க்கப்பலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று மனுசி கேட்டாள். நியாயமான கேள்வி. அப்பாவின் பதினெட்டரை அடி பைபர் போட்டுக்கு மேல் பெரிய எதிலும் நான் கடலுக்குப் போனதில்லை, அதிலும் பாதி நேரம் சத்தி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போன கிழமை மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது ஒரு திறப்பு கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து ஒரு பொருளைக் கைமாற்றிக் கொடுப்பது பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. திறப்பின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

புளூவாட்டருக்கு ஆழ்கடல் என்று எழுதுங்கள், போதும். ஜிஎஸ்டி விசயம் ஒரு கணக்காளரிடம் கேட்கவேண்டியது, என்னிடம் இல்லை. அன்னபூரணியைப் பற்றிப் பெருமைப்படுங்கள், எனக்கும் பெருமைதான், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போன கப்பல் அது. ஆனால் அது விற்ற கப்பல் தம்பி. றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார். குளொஸ்டரில் போய் நின்றது 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'. வல்வெட்டித்துறையார் இன்றுவரை அன்னபூரணி என்றுதான் சொல்கிறார்கள், அதை யாரும் தடுக்கவும் இல்லை. வாங்குகிறவர் பெயரை மாற்றிவிடுவாரோ என்ற கவலை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

விலைக்கு வருவோம். இதில் உங்களோடு எனக்குக் கொஞ்சம் கோபம். 90,000 யூரோவைப் போட்டேன் போட்டேன் என்கிறீர்கள். போட்டது எப்போது? 2018இல் மாட்டிய பாய்மரக் கம்பி அன்றைக்குப் புதுசு. பத்து, பன்னிரண்டு வருடமானால் காப்புறுதிக்காரர் அதை மாற்றச் சொல்லுவார், வாங்க வருகிறவர் மிச்ச வருடத்தை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். பாய்கள் வெயில் தின்ற பாய்கள். பற்றரி, பம்பு, குடிநீர் மெசின், எல்லாம் உப்புக் காற்றில் கிடந்தவை. அந்தக் காசுக்கு உங்கள் பிள்ளைகள் கரை தெரியாத கடலில் இரவு முறைக்கு உங்களோடு விழித்திருந்திருக்கிறார்கள், மழைத்தண்ணீர் பிடித்துக் குளித்திருக்கிறார்கள், யாருடைய பாசையோ பேசும் பிள்ளைகளோடு கடற்கரையில் விளையாடியிருக்கிறார்கள். விருந்தை முழுக்கச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டுவிட்டு, கடைசியில் வருகிறவரிடம் சமையல் செலவைக் கேட்கிறீர்களே, இது என்ன நியாயம்? தரகர் சொன்ன விலைக்குக் கிட்டவாகக் கொடுங்கள். மேலே ஒரு ஐயாயிரம் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஆட்களுக்குப் பேரம் பேசாவிட்டால் நித்திரை வராது.

இதெல்லாம் சும்மா. நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒரு வரிக்காக. நானே ஒட்டிவிட்டேன், இப்போது ஒன்றும் தெரியாது.

அப்பா போட்டை விற்றது 2003இல். சமாதான காலம், பாதை திறந்து மீன் வெளியே போய்க்கொண்டிருந்தது, போட்டுக்கு நல்ல விலை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. கடற்கரையில் இருந்த கள்ளப்பாட்டை விட்டு முள்ளியவளையில் அம்மாவின் காணிக்குப் போய்விடுவது என்று முடிவு. போட்டின் அடியில், முன்பக்கத்திலிருந்து ஒரு பாகம் தள்ளி, என் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு இருந்தது. கரையேற்றும்போது கல்லில் குத்தி வெடித்த இடம். அப்பாவே கண்ணாடிநார் மட் வைத்து ரெசின் பசை ஊற்றி ஒட்டியது. வாங்க வருகிறவர் செம்மலைக்காரர், விடிய வருவதாகச் சொல்லியிருந்தார். முதல்நாள் பின்னேரம் நான் ஒரு ரின் நீலப் பெயின்ற் வாங்கிவந்து அடி முழுக்கப் பூசினேன். ஒட்டு இருந்த இடத்தில் மூன்று பூச்சு. எனக்கு அப்போது 32 வயது, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளுக்குத் திருக்குறளும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்து விரித்து, குந்தியிருந்து சுரண்டத் தொடங்கினார். பெயின்ற் முழுக்கக் காயவில்லை, கத்தியின் நுனியில் நீலமாகச் சுருண்டு சுருண்டு வந்தது. கண் சரியாகத் தெரியாததால் இடது கையால் தடவித் தடவி ஒட்டின் விளிம்பைத் தேடினார். நாலு பக்கமும் விளிம்பு தெரியும்வரை விடவில்லை. பிறகு கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கடலுக்குப் பெயின்ற் தெரியாது" என்றார். அவ்வளவுதான்.

செம்மலைக்காரர் வந்ததும் வாங்கோ, இருங்கோ என்ற பேச்சுக்கு முன்னமே அவருடைய கையைப் பிடித்து ஒட்டின்மேல் வைத்தார். எப்போது வெடித்தது, எத்தனை மட் வைத்தது, பாரம் கூட ஏற்றினால் எந்தப் பக்கம் கசியக்கூடும், எல்லாம் சொன்னார். 60,000 பேசியிருந்த போட் 48,000க்குப் போனது. அம்மா ஒரு வருடம் அந்த 12,000 ரூபாயைச் சொல்லிச் சொல்லி ஏசினா. எனக்கும் அப்பாமேல் கோபம்தான், பெயின்ற் ரின்னுக்குக் கொடுத்த காசும் போச்சே என்று.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முள்ளியவளையில் இருந்தோம். கள்ளப்பாட்டில் எங்கள் வீடு இருந்த இடத்தில் பிறகு அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். தை மாதம் ஒருநாள் அந்தச் செம்மலைக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார். அவருடைய வீட்டில் இரண்டு பேர் இல்லை. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டைக் கரையிலிருந்து எவ்வளவோ தூரம் உள்ளே பனையடியில் கண்டெடுத்ததாகவும் அது நடுவால் இரண்டாகப் பிளந்து கிடந்ததாகவும் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்கட ஒட்டு அப்பிடியே நிக்குது அண்ணை. மற்ற இடம்தான் போச்சு" என்றார். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அப்பா உள்ளே எழும்பிப் போய்விட்டார், அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றும் காணவில்லை.

இப்போது உங்கள் தரகரிடம் வருகிறேன். கேட்டால் சொல்லுங்கள் என்கிறாரே, அந்த மனிதர் அந்தக் கப்பலில் ஏறி ரொங்காவுக்குப் போகப்போகிறாரா? உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் தேடி வாசித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். 2014 மே மாதம் 'சீக்கி றபீக்கி' என்ற நாற்பது அடிப் பாய்க்கப்பல் அன்ரிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், அத்திலாந்திக் நடுவில், கீல் கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த நாலு பேரும் கரைக்கு வரவில்லை. பிரித்தானியக் கடல்விபத்து விசாரணைப் பிரிவு அடுத்த வருடம் வெளியிட்ட அறிக்கையில், முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த திருத்த வேலைகளும் சேர்ந்து, கீல் உடம்போடு பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். முன்பக்கம் முட்டினால் வெளியே தெரிகிற காயம் முன்பக்கத்தில்தான் இருக்கும். அடி போய் இறங்குவது கீலின் பின் முனைக்கு நேர் மேலே, உள்ளே, நீங்கள் பலகை போட்டு மூடி வைத்திருக்கும் இடத்தில். உங்களுடையது போல்ட் போட்டு இறுக்கிய கீலா, பைபருக்குள்ளேயே பொதிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் தூக்கிக் கரையில் நிறுத்தி, அடிப்பெயின்றைச் சுரண்டி, உள்ளே தரைப்பலகையைக் கழற்றி, ஒரு தெரிந்த ஆளுக்குக் காட்டுங்கள். வாங்குகிறவர் எப்படியும் சர்வேயர் ஒருவரைக் கொண்டுவருவார்தான். அவர் சுத்தியலால் தட்டுவார், ஈரம் பார்க்கும் மீற்றரை வைப்பார், ஒரு நாளில் பார்த்துவிட்டுப் போவார். எந்த இடத்தில் தட்டவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதைச் சொல்லாமல் நிற்கிறீர்கள், பிறகு எனக்குக் கடிதத்தில் நியாயம் கேட்கிறீர்கள்!

ஏசிவிட்டேன். சரி, திறப்பு.

2009இல் மாத்தளனில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தோம். ஒரு பனையில் சாத்தி, ஹாண்டிலைத் திருப்பி, பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சுற்றிவர ஆயிரம் வண்டிகள் திறந்தபடி கிடக்கின்றன, நான் ஒருத்தன் நின்று பூட்டுகிறேன். மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "என்னப்பா செய்யிறியள்" என்று கத்தினாள். அந்தத் திறப்புத்தான் லாச்சியில் கிடந்தது. அந்த வண்டிக்குப் பின் பிரேக் பிடிக்காது. பிறகு யார் எடுத்தாரோ, எடுத்து ஓடினாரோ, இரும்புக்கு உருக்கினாரோ தெரியாது. ஓடியிருந்தால் அந்த ஆளுக்குப் பின் பிரேக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை. சிரிக்க வேண்டாம், இத்தனை வருடத்தில் இரவில் இரண்டு மூன்று தடவை இதை நினைத்து எழும்பியிருக்கிறேன். வன்னியில் எங்களிடமிருந்து போன சாமான் ஒன்றையும் நாங்கள் கையில் கொடுத்து அனுப்பவில்லை. வீடு, உழவு மெசின், மாடு, கிணற்றுப் பம்பு, ஒன்றையும். உங்களுக்கு ஒரு ஆள் வரப்போகிறார். அவரை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து, எந்த வால்வு இறுக்கம், எந்த யன்னலால் தெற்குக் காற்றுக்குத் தண்ணீர் வரும், எஞ்சின் காலையில் எத்தனையாவது தடவை பிடிக்கும் என்று சொல்லித் திறப்பைக் கொடுக்கலாம். ஒரு கொப்பி வாங்கி இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் பவளப்பாறை வரட்டும், எந்தத் தீவு, எந்தத் திகதி, எந்த ரெசின், எத்தனை மட் என்று. விலை குறையும். உங்கள் வீட்டுக்காரி ஒரு வருடம் ஏசுவா, ஏசட்டும்.

பலகையைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, 2008இல் இடம்பெயரும்போது எங்கள் சனம் கூரை ஓடுகளையும் தகரத்தையும் யன்னலையும் கதவு நிலையையும் கழற்றி உழவு மெசினில் கட்டிக்கொண்டு போன சனம். போன இடத்தில் கதவு போட வீடு இல்லை, இருந்தும் கதவைக் கொண்டுபோனார்கள். நீங்கள் ஒரு முழப் பலகைக்கு என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். கழற்றுங்கள். கழற்றினால் சுவரில் நாலு திருகாணி ஓட்டை தெரியும். அதைப் புட்டி வைத்து அடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வருகிற ஆள் இது என்ன என்று கேட்பார். மகளையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
முள்ளியவளை