கக்கேபோ: மாதம் முடிந்து எழுதுகிற கணக்கு அல்ல

கக்கேபோ சாமுராய் காலத்து ரகசியம் என்கிறார்களே, உண்மையா?

ரகசியம் ஒன்றும் இல்லை. ஜப்பானிய மொழியில் 'கக்கேய்' என்றால் குடும்ப வரவு செலவு, 'போ' என்றால் ஏடு. வீட்டுக் கணக்கு நோட்டு, அவ்வளவுதான். சாமுராய்களிலும் கணக்கு எழுதியவர்கள் உண்டு. கானாசாவா நகரில் காகா பகுதியின் பிரபுவிடம் கணக்கராக இருந்த இனோயாமா குடும்பம் கடனில் மூழ்கி, 1842இல் வீட்டுச் சாமான்களை விற்றுத் தலைநிமிர்ந்தது. அவர்கள் எழுதி வைத்த கணக்குகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் கட்டம் போட்டு அச்சடித்த ஏடாக அது குடும்பத் தலைவியின் கைக்கு வந்தது 1904இல். அதை வடிவமைத்தவர் ஹானி மோட்டோகோ. ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று பெயர் பெற்றவர். அந்த ஏடு இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது.

ஆறு மாதமாக ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறேன். சேமிப்பு மட்டும் ஏறவே இல்லை. எங்கே தவறு?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நீங்கள் எழுதுவது செலவான கதையை. ஹானி கேட்டது செலவாகப் போகிற கதையை. அவருடைய ஏட்டில் பட்ஜெட்தான் முதலில். வருமானத்திலிருந்து வரியையும் காப்பீட்டையும் கழிக்க வேண்டும், அடுத்து சேமிப்பையும் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் குடும்பம் நடத்தும் பணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 3,00,000 யென். வரி, காப்பீடு 60,000, சேமிப்பு 40,000. மீதி 2,00,000. அதில் சாப்பாட்டுக்கு 45,000 என்று வைத்தால் நாளுக்கு 1,500. பத்தாம் தேதி கூட்டிப் பார்க்கும்போது 15,000 இருக்க வேண்டிய இடத்தில் 18,000 நிற்கிறது. சரி, இன்னும் இருபது நாள் இருக்கிறது, நாளுக்கு 150 யென் குறைத்தால் போதும். முப்பதாம் தேதி தெரிந்திருந்தால் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஹானி சாப்பாட்டையே அரிசி போன்ற பிரதான உணவு, தொடுகறி, மசாலா சாமான் என்று மூன்றாகப் பிரித்திருந்தார். எது ஏறுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு ஓட்டை, 'எதிர்பாராத' செலவு. கல்யாணம் எதிர்பாராததா என்ன? ஜப்பானில் நண்பர் கல்யாணத்துக்கு 30,000 யென், அதாவது மூன்று பத்தாயிரம் யென் நோட்டு, வைப்பது வழக்கம். நோட்டின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் இரண்டாகப் பிரியுமே என்று ஒற்றைப்படையில் வைக்கிறார்கள், நம் 501 ரூபாய் மொய்க்குக் கிட்டத்தட்ட உறவுதான். இந்த மாதிரிச் செலவுகளுக்கு ஹானியின் ஏட்டில் 'சிறப்புச் செலவு' என்று தனித் தலைப்பே உண்டு. கல்யாணம், பண்டிகை, பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு எல்லாவற்றையும் ஆண்டுக்கு மொத்தமாகப் போட்டு, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று செலவில் நான்கு வகை சொல்கிறார்கள். சினிமா எதில் வரும்?

இந்த நான்கு வகை, அண்மையில் வெளிநாடுகளில் பரவிய எளிய வடிவம். ஹானியின் ஏட்டில் பண்பாட்டுக்கு ஒரு தலைப்பும் பொழுதுபோக்குக்கு வேறொரு தலைப்பும் உண்டு. சினிமாவை எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள். ஒரு எச்சரிக்கை: பண்பாடு என்ற தலைப்பு இருந்தால் கொஞ்ச நாளில் காபிக்கடைச் செலவும் அதற்குள் புகுந்துவிடும்.

கையால் எழுதித்தான் ஆக வேண்டுமா? ஆப் போதாதா?

ஜப்பானிலேயே வங்கிக் கணக்கோடு இணைந்த ஆப்கள் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. கூட்டல் தப்பாது. ஆனால் ஆப் உங்களுக்காக எழுதிவிடுகிறது, நீங்கள் பார்ப்பதில்லை. 1,280 என்று பேனாவால் எழுதும்போது ஒரு நொடி உறுத்தும். அந்த உறுத்தலுக்காகத்தான் கை. கார்டில் வாங்கினால் வாங்கிய அன்றே எழுதுங்கள், பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

என் சிறுவாட்டுப் பணத்தையும் கணக்கில் காட்ட வேண்டுமா?

கணவர் சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு மாதக் கைச்செலவுக்கு வாங்கிக்கொள்வது ஜப்பானில் பல வீடுகளில் வழக்கம். அதிலிருந்து மனைவி ஒதுக்கி வைக்கும் பணத்துக்கு 'ஹெசோகுரி' என்று பெயர், அச்சு அசல் நம் சிறுவாடு. அந்தக் காலப் பெண்கள் நூல் சுற்றிச் சம்பாதித்த காசிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். அச்சிட்ட ஏட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. மளிகையில் மிச்சம் பிடித்ததை மளிகைச் செலவு என்றே எழுதிவிட்டால், அடுத்த மாத பட்ஜெட் போடும்போது நீங்களே ஏமாறுவீர்கள். ஆகவே தனியாக ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம், இந்தப் பகுதியை உங்கள் கணவரும் படிக்கலாம்.