வேப்பமரத்தடிப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நாமக்கல்லில் என் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய டாடா 207 பிக்கப்பைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பிக்கப் வண்டிக் கடிதங்கள். டிராக்டர் கேள்வி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, அப்பா ஓட்டிய டாடா 207 டிஐ வண்டி இரண்டு வருடமாகத் தோட்டத்தில் நிற்கிறது. சனி, ஞாயிறில் நானே சரி செய்யலாம் என்றிருக்கிறேன். பெயின்ட் அடித்து, அலாய் வீல் போட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?
— ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பெயின்டில் ஆரம்பிக்காதீர்கள் தம்பி. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்து, பட்டி பார்த்து, பச்சை பெயின்ட் அடித்து முடித்தேன். அப்புறம் பிரேக்கைப் பிரித்தபோது டப்பா சாய்ந்து பிரேக் ஆயில் மட்கார்டில் வழிந்துவிட்டது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்கும். நான் பழைய துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது.

அதனால் முதல் வேலை பிரேக். இரண்டு வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் சரக்கு. உள்ளே தண்ணீர் சேர்ந்து சிலிண்டரில் துரு பிடித்திருக்கும். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாய் வைத்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துக் கழுவுங்கள்.

அப்புறம் இன்ஜின். உங்கள் வண்டியில் இருப்பது 497. டாடா இன்ஜின்களில் அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். லாரியில் வந்த 697 என்றால் 6 சிலிண்டர், அதே 97. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 497-இல் 100 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 2956 சிசி வரும். கம்ப்யூட்டர், சென்சார் என்று எதுவும் குறுக்கே வராத இன்ஜின். டீசலும் காற்றும் கம்ப்ரஷனும் சரியாக இருந்தால் ஓடும். வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

எடுத்தவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும், பழைய டீசலை முழுக்க இறக்கிவிடுங்கள். இன்ஜின் ஆயிலும், ஆயில் ஃபில்டரும், டீசல் ஃபில்டரும் புதிது போடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். என் வண்டியில் இருந்தது, குட்டிகளோடு. டீசல் ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் மேலிருக்கும் பிளீடிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்போது, கையை எடுக்காமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைத் தீர்ப்பவர்கள்தான் அதிகம்.

வண்டி கிளம்பிவிட்டால் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேண்டும். உங்களுடையது காலாவதியாகி இருக்கும். அது கையில் வராமல் ரோட்டுக்கு எடுத்து, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

அலாய் வீலா? தோட்டத்தில் உரமூட்டை ஏற்றப்போகும் வண்டிக்கு இரும்பு டிஸ்க்கே போதும். குழியில் விழுந்தால் இரும்பு வளையும், தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். அந்தப் பணத்தில் நல்ல டயராக வாங்கிப் போடுங்கள்.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறார். கூப்பிட்டால் ‘ஜாக்கி போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது’ என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்பட வேண்டியதா, இல்லையா?
— இல்லத்தரசி, திருச்செங்கோடு

பயப்பட வேண்டியதுதான் அம்மா. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும். சின்னப் பிக்கப்புக்கு ஆகும் ஸ்டாண்டு ஜோடி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். செங்கல்லை அடுக்கி வைத்திருந்தால் நீங்களே எடுத்துப் போட்டுவிடுங்கள். செங்கல் நொறுங்கும்போது சொல்லிவிட்டு நொறுங்காது.

இன்னொன்றையும் பாருங்கள். பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை, முன் சக்கரம் உருளும். முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சாவி வண்டியில் தொங்கக் கூடாது, உங்கள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

என் கதை: ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஈர மண்ணில் பலகை போடாமல் ஜாக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் புதைந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. நான் அடியில்தான் இருந்தேன். கழற்றிய சக்கரத்தை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே படுக்கப்போட்டு வைக்கும் பழக்கம் மட்டும் எனக்கு உண்டு. வண்டி அந்த டயர் மேல் உட்கார்ந்தது. முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். வெளியே வந்து அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், கை நடுக்கம் நிற்கவில்லை. இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மீன் ஏற்றும் பிக்கப். தொட்டியின் தரை துருப்பிடித்து அங்கங்கே ஓட்டை. அதன் மேலேயே 3 மி.மீ. செக்கர் ஷீட் (வழுக்காமலிருக்க மேடு வைத்த இரும்புத் தகடு) போட்டு வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?
— மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

சரியில்லை. துருவை மூடினால் துரு நிற்காது. பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலும் படாது, காற்றும் படாது. ஒரு வருடத்தில் இரண்டுமே போய்விடும்.

எடையையும் பாருங்கள். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ. தொட்டி எட்டடிக்கு ஐந்தரை அடி என்றால் 4 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 100 கிலோ. பழைய தரையை எடுக்காமல் இதையும் சேர்த்தால் ஒவ்வொரு நடையிலும் 100 கிலோ மீனுக்குப் பதில் இரும்பைச் சுமக்கிறீர்கள்.

எனக்குக் கவலை தரை அல்ல, அதற்குக் கீழே. பனிக்கட்டி உருகி, மீன் கழுவிய உப்புத் தண்ணீரோடு ஓட்டை வழியாகக் குறுக்குச் சட்டத்திலும் சேஸிஸிலும் இத்தனை நாள் சொட்டியிருக்கிறது. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சேஸிஸ் நெடுக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணி மாதிரி பேசும். அரித்த இடம் ‘தப்’ என்று பலாப்பழம் மாதிரி கேட்கும், தகடு தகடாக உதிரும். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி சேஸிஸிலேயே நாலைந்து இடத்தில் விழுந்தால் தொட்டிக்குச் செலவு செய்யாதீர்கள், வண்டியை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

சேஸிஸ் நன்றாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பழைய தரையை வெட்டி எடுத்து, சட்டங்களைக் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும் வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உப்பு ஒட்டியிருக்கும்போது எந்தப் பெயின்ட் அடித்தாலும் உரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களில் இருக்கும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து பூசினால் அது கறுப்பாக மாறி இறுகும். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர், அப்புறம் பெயின்ட், கடைசியில் புதுத் தகடு. அலுமினியத் தகடு போடச் சொல்லி யாராவது வந்தால், இரும்புச் சட்டத்தோடு அது நேராகத் தொடக் கூடாது, நடுவில் ரப்பர் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒட்டி நின்றால் அலுமினியம் மாவாகிவிடும்.

தரையை லேசாகப் பின்பக்கம் சாய்த்து, மூலையில் ஒரு துளை விட்டு, அதில் ரப்பர் குழாய் மாட்டிச் சேஸிஸைத் தாண்டிக் கீழே இறக்குங்கள். அந்தத் தண்ணீர் ரோட்டில் கொட்டாமல் ஒரு கேனில் பிடித்தால் பின்னால் வரும் பைக்காரர் உங்களை வாழ்த்துவார்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் போகும். டீசல் டேங்க் பக்கத்தில் நெருப்பே ஆகாது. காலி டேங்க் ஆவியோடு இருப்பதால் நிறைந்த டேங்கைவிட மோசம். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங் வைக்கவோ துளை போடவோ விடாதீர்கள். பாரம் முழுக்க அந்த இரண்டு விளிம்பில்தான் இழுக்கும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் இன்னும் அரை டன் ஏற்றலாமா?
— காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

பட்டை தாங்கும். ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையபடிதானே இருக்கிறது? ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் பாரம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. எத்தனை மூட்டை தக்காளி விற்றால் அது வரும் என்று நீங்களே பாருங்கள்.

அளவான பாரத்துக்கே வண்டி பின்னால் உட்காருகிறது என்றால் அது வேறு விஷயம். பட்டைகளைப் பிரித்து வளைவு ஏற்றிக் கொடுப்பார்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும், பட்டையின் முனை ஆடும் இடத்தில் இருக்கும் ஷேக்கிள் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

முன்னால் பெரிய கம்பி பம்பர், 100 வாட் பல்பு, பின்னால் படுக்கை வைத்த கூண்டு. எல்லாம் நானே செய்கிறேன். போலீஸ் பிடிக்குமா அண்ணே?
— கல்லூரி மாணவர், தேனி

பிடிக்கும். கம்பி பம்பர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது அந்த அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். நடந்து போகிறவருக்குக் கேட்கவே வேண்டாம். கூண்டு, படுக்கை என்றால் வண்டியின் வகையே மாறுகிறது. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இரும்பு வாங்கு. கழற்றி வைக்கும்படியான மெத்தையும் தார்பாயும் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

பல்பு விஷயம்: இரண்டு 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 100 வாட் கிட்டத்தட்ட 17. பழைய வண்டியில் அத்தனையும் ஸ்விட்ச் வழியாகவே போகும். ஸ்விட்ச் உருகும், சில சமயம் வயரும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும். பழைய பல்பையே வைத்துக்கொண்டு ஒரு ரிலேயும் (பல்பின் கரன்ட் ஸ்விட்ச் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி) ஃபியூஸும் போடு, எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய். வெளிச்சம் கூடியிருப்பதை அன்று ராத்திரியே பார்ப்பாய்.

வண்டிக்குப் பின்னால் என்ன வாசகம் எழுதலாம்?
— வாசகர், சங்ககிரி

அதற்கு என்னைவிட உங்கள் ஊர் பெயின்டர் நல்ல ஆள். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் எழுதிய ‘முருகன் துணை’ அப்படியே இருக்கிறது. பச்சை அடிக்கும்போது அந்த எழுத்தைச் சுற்றி அடித்தேன். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.