யாராலும் மறுக்க முடியாத வாக்கியம்

அன்புள்ள ஐயா,

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான் எடுத்துக்கொண்ட நாவலில் மருமகளின் கூலிக்காசை மாமியார் வாங்கி பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். மருமகள் கொஞ்சம் காசை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிறாள். இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளர் அடித்துவிட்டார். "இது கதைச் சுருக்கம். 'அதிகாரச் சொல்லாடலைக் கட்டுடைத்து மாற்று வெளியைக் கட்டமைக்கிறது'ன்னு எழுதும்மா, அதுதான் ஆய்வு மொழி" என்கிறார். கருத்தரங்குகளிலும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். நானும் எழுதிவிடட்டுமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கலைச்சொல்லே ஆகாது என்று சொல்லமாட்டேன். நம் இலக்கணத்தில் இல்லாத கலைச்சொல்லா? 'ஊர் சிரித்தது' என்பதை அன்மொழித்தொகை என்று நான் எழுதினால், பத்தாம் வகுப்புப் பிள்ளை "ஐயா, அது இடவாகுபெயர்" என்று திருத்திவிடும். தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும், கலைச்சொல்லுக்கு அதுதான் அழகு. நெறியாளர் தந்த வாக்கியத்தில் யார் தப்புக் கண்டுபிடிப்பது? எந்த நாவலுக்கும் ஒட்டுமே.

பிறந்த இடத்தில் இந்தச் சொற்கள் இப்படி இல்லை. கருத்தரங்குகளில் அடிபடும் 'பெருங்கதையாடல்' என்ற சொல்லையே எடுங்கள்; அது பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தாரிடமிருந்து வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணப் பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டதற்காக, அறிவின் இன்றைய நிலை பற்றி அவர் எழுதிய அறிக்கை 1979இல் வெளிவந்தது. மனிதகுல விடுதலைக்காக என்பது போல, அறிவியல் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளச் சொல்லும் பெரிய கதைகளைத்தான் அவர் குறித்தார். அதை ஒப்பலாம், மறுக்கலாம். இங்கே 80களிலும் 90களிலும் சிற்றிதழ்களில் இவற்றை வைத்து அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் சாதியை வேறு விதமாகப் பார்க்கவும் கற்றோம். கருத்தரங்குக்கு வந்தபின்தான் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. 'புரியவில்லை' என்று எழுந்து சொன்னால் நமக்குப் படிப்புப் போதாது என்றாகிவிடுமே! தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். அடுத்த கட்டுரையில் அதே சொல் நம்மிடமும் வந்துவிடுகிறது. இப்போது தாத்தா அதட்டினால்கூடப் பெருங்கதையாடல்தான்.

நம் கல்லூரிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இயற்பியலாளர் ஆலன் சோக்கல், குவாண்டம் ஈர்ப்பு என்ற இயற்பியல் விஷயத்தை இதே பின்நவீனத்துவக் கோட்பாட்டுச் சொற்களில் குழைத்து, வேண்டுமென்றே ஒரு உளறல் கட்டுரையை அமெரிக்காவின் 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்வு இதழுக்கு அனுப்பினார். 1996இல் அச்சாகிவிட்டது. பிறகு அவரே போட்டு உடைத்தார். இயற்பியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் அது வந்திருக்காது. அதனால் கோட்பாடு முழுக்கவே மோசடி என்று கொண்டாடியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே கோட்டை விட்டது ஆசிரியர் குழு.

நெறியாளர் சொல்வதில் பாதி சரி. சாவி இடுப்பில் இருந்தது என்பதோடு நின்றால் அது கதைச் சுருக்கம்தான். அந்தச் சாவி மாமியார் கைக்கு எப்போது வந்தது? அதற்கு முன் அவர் எந்தப் பானையில் ஒளித்தார்? பானைக்காசு எதற்குச் செலவானது? நாவலிலிருந்தே பதில் எடுத்து எழுதுங்கள். அதிகாரம் பற்றி அதற்குமேல் என்ன வேண்டும்?

பட்டமும் வாங்கியாக வேண்டும், சண்டை வேண்டாம். அவர் கேட்கும் சொற்களை முதல் இயலில் உங்கள் தமிழில் வரையறுத்துவிட்டு, அடித்த இரண்டு பக்கத்தை அடுத்த இயலில் சேருங்கள். வரையறுக்க வராத சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். 'மாற்று வெளி' தேறாது என்று நினைக்கிறேன்.